சீல் போட்டிக்காரர்களுக்கு மட்டுமா?

ஜெர்மன் கிளைடர் கிளப்புகளில் குளிர்காலம் என்றால் பட்டறை வேலை. உறுப்பினர்களே தேய்ப்பார்கள், துடைப்பார்கள், பழுது பார்ப்பார்கள். இறக்கையில் அசையும் எய்லரான், வாலில் அசையும் எலிவேட்டர் ஆகியவற்றின் இடுக்குகளை மூடும் மைலார் பட்டைகளுக்கு, அதாவது சீல்களுக்கு, அந்த வேலையில் பெரும்பாலும் கடைசி இடம்தான். 'அதெல்லாம் போட்டிக்குப் பறப்பவர்கள் சமாச்சாரம். பிய்ந்தால் சறுக்கு விகிதம் ஒரு புள்ளி குறையும், அவ்வளவுதானே' என்பார்கள்.

சறுக்கு விகிதம் குறைவது உண்மைதான். இறக்கையின் அடியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. மூடாத இடுக்கு வழியே காற்று மேலேறி, மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்றைக் குலைக்கும், இழுவிசை கூடும். ஆனால் அந்தக் கசிவு எய்லரானின் செயல்திறனையும் மட்டுப்படுத்துகிறதே, அதை யாரும் சொல்வதில்லை.

முழுதாகப் பிய்ந்து போனதைவிடப் பாதி கிளம்பி நிற்கும் பட்டை மோசம். முன்விளிம்பு மட்டும்தான் பசையால் ஒட்டப்படுகிறது. பின்விளிம்பு தன் வளைவின் அழுத்தத்தாலேயே அசையும் பகுதியின் மேல் படிந்து வழுக்கும். முன்விளிம்பில் பசை விட்டால் எதிர்காற்று புகுந்து பட்டையை நிமிர்த்திவிடும். எலிவேட்டருக்கு முன்னால் அப்படியொரு தடுப்பு எழுந்தால் காற்றோட்டம் பிரியும், விமானியின் கையிலுள்ள ஸ்டிக் அதிரும், மூக்கைத் தூக்க வேண்டிய நேரத்தில் எலிவேட்டர் மந்தமாகும். தரையை நெருங்கும்போது இது நேர்ந்தால் சறுக்கு விகிதம் யாருக்கு வேண்டும்?

'காலையில் பார்த்தேன், நன்றாகத்தான் ஒட்டியிருந்தது' என்பது அடுத்த சமாதானம். ஸ்டிக்கை நடுவில் வைத்துப் பார்த்தால் எந்தப் பட்டையும் ஒழுங்காகத்தான் தெரியும். இரண்டு எல்லை வரையும் தள்ளிப் பார்க்க வேண்டும். பட்டை போதிய அகலம் மேலே படியாவிட்டால், முழு அசைவில் அதன் விளிம்பு வழுக்கி இடுக்குக்குள் இறங்கும். திரும்பும்போது அது மடிந்து சிக்கினால் எய்லரான் நடுவுக்கு வர மறுக்கும். ஒருவர் ஸ்டிக்கை மெல்ல அசைக்க, இன்னொருவர் விளிம்பு நெடுக விரல்நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேடும் விரலுக்குத் தட்டுப்படும். அடியில் சேர்ந்த மணலும் பழைய பசையும் கரகரவென்று சொல்லிவிடும்.

'வெறும் டேப்தானே, மேலே இன்னொன்று ஒட்டு' என்பதுதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது. பட்டை வழுக்குவதற்காக அசையும் பகுதியில் டெஃப்ளான் டேப் ஒட்டுகிறார்கள். அங்கே கீலுக்குப் பின்னால் ஏறும் எடை சமநிலையை மாற்றும். பின்விளிம்பை நெருங்க நெருங்க அதன் விளைவு கூடும். சமநிலை வரம்பைத் தாண்டினால் அதிவேகத்தில் ஃபிளட்டர் என்னும் கட்டுக்கடங்காத அதிர்வு தொடங்கக்கூடும். ஷ்லைஷர், ஷெம்ப்-ஹிர்த் போன்ற கிளைடர் தயாரிப்பாளர்களின் பராமரிப்பு ஏடுகளில் அசையும் பகுதிகளின் எடைக்கும் கீல் திருப்புவிசைக்கும் வரம்பு எழுதி வைத்திருப்பது இதற்காகத்தான்.

குளிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் ஒத்துவராது. பசையை இளக்குவது கோடை வெயில். பட்டைகள் கிளம்புவது கிளைடர்கள் தினமும் பறக்கும் மாதங்களில்.