தலையைத் தடவாதீர்கள்

அடிபட்டு ஒடுங்கிய நாயைக் கண்டால் நம்மவர்கள் கல்லெடுப்பார்கள். இல்லையென்றால் ‘ஐயோ பாவம்’ என்று ஓடிப்போய்த் தலையைத் தடவுவார்கள். கல்லெடுப்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. இரக்கப்படுகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்: கொஞ்சம் தள்ளி நின்று இரக்கப்படுங்கள்.

மனிதர்மேல் நம்பிக்கை போன நாய்க்கு, மேலிருந்து இறங்கும் கை அடிக்க வருகிறதா அணைக்க வருகிறதா என்று எப்படித் தெரியும்? முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும். இவையெல்லாம் ‘கிட்டே வராதே’ என்று அது போடும் மனுக்கள். நாம் கவனிக்காவிட்டால் உறுமும், அப்புறம் கடிக்கும். காலுக்கிடையில் செருகிய வால் ஆடினால் அது சந்தோஷமல்ல, பயம்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் பிரான்சுக்குக் குடிபோனது. புதுச்சேரியில் இது புதிதில்லை. பாத்திரம் பண்டம், சாமி படம் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தார்கள். பின்கட்டில் கட்டிக் கிடந்த நாய்க்கு மட்டும் இல்லை. வேலைக்கார அம்மாள் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து சோறு போடுவார். மூன்றடிச் சங்கிலியில் ஐந்து மாதம். அவர்களிடம் தொலைபேசியில் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கழுத்துப்பட்டைக்கு அடியில் புண்.

முதலில் கால்நடை மருத்துவர். புண்ணுக்கும் உண்ணிக்கும் மருந்து, வெறிநோய்த் தடுப்பூசி. வலி தீராத நாயிடம் பாசம் காட்டிப் பயனில்லை.

பிறகு நான் செய்தது அரசு ஊழியனுக்குப் பழகிய வேலைதான்: குறித்த நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. காலை 7 மணி, மாலை 5 மணி. மாடிப்படிக்கு அடியில் அது ஒண்டிக்கொண்ட இடத்திலிருந்து யாரும் அதை இழுக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. அதன் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். வேகவைத்த கோழித் துண்டை என் பக்கத்தில் போடாமல் அதன் பக்கமே போடுவேன். பழைய பெயரைச் சொன்னாலே மூத்திரம் விட்டது. ஆகவே தேந்தேனின் நாய் பெயரை வைத்து ‘மிலு’ ஆக்கினோம். பதினெட்டாம் நாள் வந்து என் செருப்பை முகர்ந்தது. நான் அசையவில்லை. குசினியிலிருந்து வீட்டம்மாதான் ‘தொடுங்களேன்’ என்று சைகை காட்டினாள்.

தொட்டது மூன்றாவது மாதத்தில். அதுவும் தலையில் அல்ல, மார்பில், மூன்று விநாடி. பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இன்னும் வேண்டுமென்றால் அதுவே நெருங்கும். காப்பகத்தார் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மிலு அந்தக் கணக்கைப் படித்ததில்லை. மூன்று வருடமாகியும் சங்கிலிச் சத்தம் கேட்டால் படிக்கு அடியில் போய்விடும். போகட்டும்.

பள்ளியில் எங்களுக்குத் திக்தேயாக வந்த செந்த் எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’ (1943) கதையில் ஒரு நரி உண்டு. தள்ளி உட்கார், பேசாதே, தினம் கொஞ்சம் நெருங்கு, அதே நேரத்துக்கு வா என்று அது இளவரசனுக்குப் பாடம் சொல்லும். நாய் பழக்குபவர்களுக்கு அந்த நரியைவிட நல்ல வாத்தியார் இல்லை.

சட்டத்தையும் பார்த்தேன், குமாஸ்தா புத்தி. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவு: மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், தக்க காரணமின்றிக் கைவிடுவதும் குற்றம். முதல் தடவை அபராதம் 10 முதல் 50 ரூபாய். நாய்க்கு வாங்கிய களிம்பின் விலைகூட இல்லை. அவர்கள் போன பிரான்சிலோ, விலங்குகள் உணர்வுள்ள உயிர்கள் என்று 2015-இல் சிவில் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

எழுபது தாண்டியவர்கள் குட்டி நாய் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் ஓட்டத்துக்கு நம் முழங்கால் ஈடுகொடுக்காது. கைவிடப்பட்ட வளர்ந்த நாய்க்கு வேண்டியது அவசரமில்லாத ஆள்; அது நம்மிடம் உண்டு. ஒன்று மட்டும்: நமக்குப் பிறகு யாரிடம் போகும் என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். என் தங்கை மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான். ஞாயிறுதோறும் வந்து, படிக்கட்டுக்குச் சற்றுத் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டுப் போகிறான்.