முன்பணமும் ஏழை நோயாளர் நிதியும்

2025 மார்ச் இறுதியில், புனே நகரின் தீனாநாத் மங்கேஷ்கர் மருத்துவமனையில் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்த ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு 10 லட்சம் ரூபாய் முன்பணம் கேட்கப்பட்டதாக அவருடைய குடும்பத்தார் குற்றஞ்சாட்டினர். குழந்தைகள் வேறு மருத்துவமனையில் பிறந்தன, தாய் உயிரிழந்தார். நகரமே கொதித்தெழுந்த பிறகு, அவசர நோயாளிகளிடம் இனி முன்பணம் பெறுவதில்லை என்று நிர்வாகம் அறிவித்தது. அது ஓர் அறக்கட்டளை மருத்துவமனை.

அந்த மரணம் சில நாட்களுக்குள் நேர்ந்ததால் செய்தியாயிற்று. புற்றுநோயாளியிடம் 10 லட்சத்தை யாரும் ஒரே நாளில் கேட்பதில்லை. ஸ்கேனுக்கு ஒரு தொகை, பயாப்ஸிக்கு ஒரு தொகை, பிறகு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கீமோதெரபிக்கு ஒரு தொகை. முதலில் நகை அடகுக்குப் போகிறது. பிறகு வட்டிக்குக் கடன். பிறகு ஊரிலிருக்கும் அரைக்காணி நிலம். அதுவும் தீர்ந்தபின் அடுத்த சுழற்சிக்கு நோயாளி வருவதில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் அவர் ‘சிகிச்சையைத் தொடராதவர்’ ஆகிறார். எந்த நாளேடும் இதை எழுதுவதில்லை.

இத்தனைக்கும் மகாராஷ்டிரத்தில் சட்டம் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைகள் சட்டத்தின் 41ஏஏ பிரிவின்கீழ் வகுக்கப்பட்டு, 2006இல் மும்பை உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட திட்டப்படி, ஒவ்வோர் அறக்கட்டளை மருத்துவமனையும் 10 சதவீதப் படுக்கைகளை வறியவர்களுக்கு முற்றிலும் இலவசமாகவும், மேலும் 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். மொத்தக் கட்டண வரவில் 2 சதவீதம் ‘ஏழை நோயாளர் நிதி’ என்ற தனிக் கணக்கில் சேர வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1.80 லட்சத்துக்குள் இருப்பவர் முதற்பிரிவு, 3.60 லட்சத்துக்குள் இருப்பவர் இரண்டாம் பிரிவு. இதைக் கொடை என்று யாரும் மயங்க வேண்டியதில்லை. அறக்கட்டளை என்ற பெயரால் இம்மருத்துவமனைகள் அடையும் வரிச் சலுகைகளுக்கும் பிற சலுகைகளுக்கும் ஈடாகச் சமூகத்துக்குச் செலுத்த வேண்டிய கடன் இது.

கடனாளி தானாக முன்வந்து திருப்பித் தருவதில்லை என்பது வட்டிக்கடை அறிந்த எவர்க்கும் தெரியும். தாசில்தாரின் வருமானச் சான்றிதழோ உரிய ரேஷன் அட்டையோ இல்லாமல் வருபவரை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். சான்றிதழோடு வருபவரிடம் ‘இம்மாத நிதி தீர்ந்துவிட்டது’ என்று சொல்லிவிடலாம். நிதியின் கணக்கு அறக்கட்டளை ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டியது. ஆயினும் வாயிலில் நிற்கும் நோயாளியின் கண்ணுக்கு அது எட்டுவதில்லை.

அடுத்தது மாநில அரசின் காப்பீடு. 2012இல் ராஜீவ் காந்தியின் பெயரில் தொடங்கி, 2017இல் மகாத்மா ஜோதிராவ் புலேயின் பெயரைப் பெற்ற திட்டம் அது. 1897இல் புனேயைப் பிளேக் சூறையாடியபோது நோயாளிகளுக்குத் தொண்டாற்றி அந்நோய்க்கே பலியானவர் அவருடைய துணைவியார் சாவித்திரிபாய். அக்குடும்பத்தின் பெயர் தாங்கிய திட்டத்தில் நோயாளி அட்டைகளோடு அலைவது கொடுமையே. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1.5 லட்சமாக இருந்த வரம்பு 2024இல் 5 லட்சமாக உயர்ந்தது. வெள்ளை அட்டைக் குடும்பங்களும் சேர்க்கப்பட்டன. இணைக்கப்பட்ட மருத்துவமனைகளில் ‘ஆரோக்ய மித்ரா’ என்ற உதவியாளர் அமர்ந்திருப்பார். அவரிடம் பதிந்து முன் அனுமதி பெற்ற பின்னரே சிகிச்சை தொடங்க வேண்டும். இம்முறையை அறியாமல் முதல் இரு சுழற்சிகளைக் கைப்பணத்தில் முடித்துவிட்டு வருபவருக்கு அத்தொகை திரும்புவதில்லை. ஏழைப் புற்றுநோயாளிகளுக்கான ஒன்றிய சுகாதார அமைச்சர் நிதியின் விதியும் இதுவே. செலவழித்த பின் கேட்டால் கிடையாது. ரசீதுகளைச் சேர்த்து வைப்பதைவிட, பயாப்ஸி முடிவு கைக்கு வந்த அன்றே விண்ணப்பிப்பதுதான் பயன் தரும்.

கட்கியிலும் தேஹுரோட்டிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. புனே மாநகராட்சி நடத்தும் ‘ஷஹரி கரீப்’ மருத்துவ உதவித் திட்டம் மாநகராட்சி எல்லைக்குள் வசிப்போருக்கானது. கன்டோன்மென்ட் வாரியப் பகுதியில் இருப்பவருக்கு அது எட்டாது. அண்மையில் வேலை தேடி வந்தவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுடைய அட்டை விழுப்புரத்திலோ சேலத்திலோ இருக்கும். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ என்று முழங்கும் ஒன்றிய அரசு, அந்த அட்டைக்குப் புனேயில் அரிசி வாங்க வழிசெய்தது; மகாராஷ்டிரத்தின் மருத்துவக் காப்பீட்டுக்கோ மகாராஷ்டிர அட்டைதான் வேண்டும். ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் பெயருள்ளவர் அத்திட்டத்தில் சேர்ந்துள்ள எம்மாநிலத்திலும் பயன்பெறலாம். பெயரில்லாதவர் சிகிச்சையை விட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். அல்லது கடன்காரராக வேண்டும்.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆலைகளில் மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறுவோர்க்கு இ.எஸ்.ஐ. உண்டு. சிகிச்சைச் செலவோடு அது நிற்பதில்லை. தகுதிக் காலம் நிறைவுற்றவர் புற்றுநோய்க்கு ஆளானால், நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயனாக ஊதியத்தின் 80 சதவீதத்தை இரண்டாண்டுகள் வரை பெறலாம். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் நின்றுவிடாமல் காக்கும் ஒரே ஏற்பாடு நாட்டில் இதுதான் என்றாலும் மிகையில்லை. ஆனால் இரண்டாண்டுத் தொடர்ச்சியான பணி அதற்கு நிபந்தனை. ஒப்பந்தக்காரர் பெயரை மாற்றி மாற்றி ஒரே தொழிலாளியை ஆண்டுதோறும் ‘புதியவர்’ ஆக்கும் தந்திரம் ஊதிய உயர்வை மட்டுமல்ல, இந்தப் பாதுகாப்பையும் பறிக்கிறது. பிடித்தம் செய்த சந்தாவைச் செலுத்தாத ஒப்பந்தக்காரர், தொழிலாளியின் நோய்ப்படுக்கையையே திருடுகிறார்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்குச் செல்வோர்க்கு ரயில்வே சலுகை தருகிறது: படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் நோயாளிக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி, துணை செல்பவருக்கு 75 சதவீதம். புனே–மும்பைப் பகல் வண்டிகளோ பெரும்பாலும் இருக்கைப் பெட்டிகள். அவற்றில் நோயாளிக்கே 75 சதவீதம்தான்.

உதவியைத் தேடுவது ஒருபுறம். செலவு ஏன் இவ்வளவு என்பது மறுபுறம். 2005இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது இடதுசாரிகளின் அழுத்தத்தால் 3(டி) பிரிவு வலுப்பெற்றது. இரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக் மீது நோவார்ட்டிஸ் கோரிய காப்புரிமையை 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது அப்பிரிவின் அடிப்படையில்தான். 2012 மார்ச்சில் நெக்சாவருக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டதும், மாதம் சுமார் 2.8 லட்சமாக இருந்த செலவு 8,800 ரூபாயாக இறங்கியது. அந்த ஆயுதம் அதன்பின் உறையிலேயே கிடக்கிறது. 2024 ஆகஸ்டில் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு, புற்றுநோய் மருந்துகளை இலாபமின்றி விற்கும் பிரிவுகளைக் காருண்யா மருந்தகங்களில் திறந்தது. மகாராஷ்டிர அரசு இதைச் செய்வதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

புனேயில் பணியாற்றும் தோழர்கள் முன்னுள்ள வேலை தெளிவானது. ஒவ்வொரு கிளையிலும் ஒருவராவது இந்த விண்ணப்பங்களின் நடைமுறையை மராத்தியிலும் தமிழிலும் கற்றுக்கொண்டு, நோயாளியுடன் மேசை வரை செல்ல வேண்டும். மறுப்பு வந்தால் அதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் அறக்கட்டளை ஆணையரிடம் முறையிடுவது எளிதன்று. காலியாக உள்ள இலவசப் படுக்கைகளின் எண்ணிக்கையையும் ஏழை நோயாளர் நிதியின் இருப்பையும் நாள்தோறும் மருத்துவமனை வாயிலில் எழுதி வைக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கங்களும் மாதர், வாலிபர் அமைப்புகளும் இணைந்து ஆணையர் அலுவலகத்தின் முன் எழுப்ப வேண்டும்.