பசை காயும் நேரம்

போன வருஷம் ஆனி மாதத்திலிருந்து நவராத்திரி வரைக்கும் என் மேஜை மேல் ஒரு போர் விமானம் இடது இறக்கை இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. பயப்படாதீர்கள். அதன் மொத்த நீளமே பன்னிரண்டு சென்டிமீட்டர்தான்.

விமானத்தின் பெயர் நாட். கொசு ஜாதியைச் சேர்ந்த ஒரு பூச்சியின் பெயர் அது. தாம்பரம்வாசிகளுக்குப் பெயர்க் காரணத்தை விளக்க வேண்டியதில்லை: சின்ன உருவம், பிடிக்க முடியாது, கடித்தால் தெரியும். 1965 யுத்தத்தில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களைத் திணறடித்துப் பேர் வாங்கியது. 1971 டிசம்பர் 14ஆம் தேதி ஸ்ரீநகர் வானத்தில் நிர்மல்ஜித் சிங் செகோன் தனி ஆளாக எதிரி விமானங்களோடு மோதி உயிரை விட்டது இந்த நாட்டில்தான் (விமானத்தைச் சொல்கிறேன்). விமானப் படைக்காரர் ஒருவருக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்திருப்பது அந்த ஒரே தடவைதான்.

அசல் நாட் ஒன்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை 72ஆல் வகுத்தால் என் மேஜைக்கு வந்துவிடும். ஏன் 72? ஆறடி ஆள் என்றால் 72 அங்குலம். இந்தக் கணக்கில் அவர் ஒரே அங்குலம். வகுத்தல் சுலபம், அவ்வளவுதான் தத்துவம்.

பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து ஸ்கேல் மாடல் கட்டுவது எனக்குப் பள்ளிக்கூட நாள் முதல் உள்ள வியாதி. 1985ல் தீப்பிடித்து அழிந்த பழைய மூர் மார்க்கெட்டில், பாதி துண்டுகள் காணாமல் போன ஒரு பெட்டியை அப்பாவை நச்சரித்து வாங்கியதில் ஆரம்பித்தது. வீட்டுக்கு வருகிறவர்கள், "பேரனுக்கா சார்?" என்பார்கள். "ஆமாம்" என்று சொல்லிவிடுவது உத்தமம்.

இந்தக் கலையில் பாதி நேரம் சும்மா இருக்க வேண்டும். இதற்கென்று உள்ள பசை உண்மையில் ஒட்டுவதில்லை, கரைக்கிறது. இரண்டு துண்டுகளின் ஓரத்தையும் கொஞ்சம் இளக்கி ஒன்றோடொன்று கலக்க விட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். கல்யாணத் தரகர் மாதிரி. அது இறுகுகிற வரை தொடக்கூடாது. எனாமல் பெயின்ட் அடித்தால் ஒரு நாள் முழுக்கத் தொடக்கூடாது. அதனால் மாடல் கட்டுகிற எவனுக்கும் நடுவில் பொழுதுபோக்க வேறு ஒரு பொழுதுபோக்கு உண்டு.

ஆனால் அது ஒரு நாள், இரண்டு நாள் சமாசாரம். என்னுடையது மாதக் கணக்கில் போனபோது மனைவிக்குச் சந்தேகம் வந்தது.

"ஏங்க, அந்த ஏரோப்ளேன் என்னாச்சு?"

"கொஞ்சம் பிரேக் விட்டிருக்கேன்."

"உங்களுக்கா, ஏரோப்ளேனுக்கா?"

பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

முதலில் தபால் தலை முயற்சி செய்தேன். 1958ல் விமானப் படையின் வெள்ளி விழாவுக்கு வாபிட்டி என்ற பழைய இரட்டை இறக்கை விமானத்தையும் ஹன்டர் ஜெட்டையும் சேர்த்துப் போட்ட தபால் தலை ஒன்று என் பழைய ஆல்பத்தில் இருந்தது. அதைச் சாமணத்தால் எடுத்துப் புது ஆல்பத்துக்கு மாற்ற வேண்டும். மூன்றே நாளில் விட்டுவிட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது, விமானம் பார்ப்பது. கிழக்குத் தாம்பரத்தில் குடியிருப்பவனுக்கு இது இலவசம். இங்கே உள்ள விமானப் படைத் தளத்தில்தான் பயிற்சி கொடுப்பவர்களுக்கே பயிற்சி கொடுக்கும் பள்ளி இருக்கிறது. வாத்தியாருக்கு வாத்தியார். காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனால் பிலாட்டஸ் விமானம் ஒன்று தலைக்கு மேல் வட்டமடிக்கும். (வேடிக்கை பார்க்கலாம், தளத்தின் பக்கம் காமிராவைத் தூக்காதீர்கள்.) பெரிய விமானம் வேண்டுமென்றால் மின்சார ரயிலில் திரிசூலம். விமானம் எப்போதும் காற்றை எதிர்த்து இறங்கத்தான் விரும்பும். தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் பரங்கிமலைப் பக்கமிருந்து வரும். வடகிழக்குக் காற்று ஆரம்பித்ததும் எதிர்ப் பக்கம். காலண்டரே தேவையில்லை, மழைக்காலம் நெருங்குவதை விமானத்தின் மூக்கைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அங்கே நின்று பார்த்ததில் ஒன்று புரிந்தது. நாற்பது வருஷமாக நான் விமானத்தின் வயிற்றுக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். நிஜ விமானத்தின் வயிறு அழுக்கு! எண்ணெயும் புகையும் முன்னாலிருந்து பின்னால் கோடு கோடாக இழுத்திருக்கிறது. தரையில் நிற்கும்போது டயர் அடியில் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. என் டயர்கள் எல்லாம் வடை தட்டின மாதிரி சுத்த வட்டம்.

ஒரு நாள் பல்லாவரத்தில் இறங்கினேன். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற மண்ணியல்காரர் இங்கேதான் ஒரு கல்லைப் பொறுக்கினார். நம் நாட்டில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அது. கைக்கோடரி. எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் ஒரு கையில் கல்லைப் பிடித்து, இன்னொரு கையால் இடம் பார்த்துத் தட்டித் தட்டி விளிம்பு எடுத்திருக்கிறார். அதை நினைத்துக்கொண்டு அன்றைக்கு விமானம் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

ஆடி மாதத்தில் பறவைக்கு மாறினேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022ல் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்ற பட்டம். பட்டம் வாங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே குப்பை மேடும் இருப்பது நம் ஊர் விசேஷம். வலசைப் பறவைகள் மழைக்குப் பிறகுதான் வரும். நான் போனபோது உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். கூழைக்கடா தண்ணீரில் இறங்குவதைப் பார்க்க வேண்டும். இறக்கையை வளைத்து, காலை முன்னால் நீட்டி, சரக்கு விமானம் மாதிரியே வந்து உட்காருகிறது. நீளவால் இலைக்கோழி என்று ஒன்று மிதக்கும் இலைகள் மேல் நடக்கிறது. விரல்கள் அத்தனை நீளம். உடம்பின் பாரம் பரவிவிடுவதால் இலை முழுகுவதில்லை. இதில் முட்டையை அடைகாப்பது ஆண். பெண் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். இந்தத் தகவலை வீட்டில் சொல்லவில்லை.

கடைசியாக ரயில். எதிர் ஃப்ளாட்டில் ரயில்வேயில் ரிட்டயர் ஆன நண்பர் இருக்கிறார். சாயங்காலம் இருவரும் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் போய் நிற்போம். பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் விட்டது 1931ல். மீட்டர் கேஜ். 2004ல் கடைசி மீட்டர் கேஜ் வண்டி ஓடி முடிந்த கதையை அவர் சொல்லும்போது, வீட்டுப் பெரியவர் காலமானதைச் சொல்வது போலவே சொல்வார். ரயில் மாடல்காரர்களின் சங்கடம் ஒன்றையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். உலகமெல்லாம் விற்கிற ஹெச்.ஓ. அளவு, அசலில் 87ல் ஒரு பங்கு. அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். அது வெளிநாட்டு கேஜுக்குச் செய்தது. நம் பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர். வகுத்தால் பத்தொன்பதுக்கு மேல் வரும். அதனால் நம் வண்டியை அந்தத் தண்டவாளத்தில் நிறுத்தினால் குண்டு மனிதர் குழந்தை சைக்கிள் ஓட்டுகிற மாதிரி இருக்கும்.

இப்படியாக நான் விமானம், பறவை, ரயில் என்று விளாசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஒரு நாள் கீரை ஆய்ந்தபடியே சொன்னாள்:

"எல்லாத்துலயும் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கைதானே பாக்கறீங்க?"

"அதுல என்ன தப்பு?"

"தப்பு ஒண்ணுமில்ல. நாலு மாசமா டபராவுல காபி சிந்துது. நான் கேக்கல, நீங்க சொல்லல."

சாமணம் விஷயத்துக்கு வந்துவிட்டேன். என் வலது கை நடுங்குகிறது. சும்மா மடியில் கிடக்கும்போது சமர்த்தாக இருக்கிறது. தபால் தலையை எடுக்கப் போனால், அரிசி அளவு பிளாஸ்டிக்கை ஒட்டப் போனால், ஆட ஆரம்பிக்கிறது. நாட்டின் இடது இறக்கையை மூன்று தடவை முயன்று, மூன்றாவது தடவை பசை காக்பிட் கண்ணாடி மேல் விழுந்தது. அன்றைக்கு மூடிய பெட்டிதான். 'பிரேக்' என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

சொல்லாததற்குக் காரணம் அப்பா. கடைசி நாட்களில் அவருக்கும் கை ஆடியது. பென்ஷன் வாங்கும் இடத்தில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். நாலாவது தடவை அவர் பேனாவை மூடி என் கையில் கொடுத்தது ஞாபகத்திலேயே இருக்கிறது.

மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் ஒரு காகிதத்தில் சுருள் கோலம் போடச் சொன்னார். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார். பிறகு, "பார்க்கின்சன் இல்லை" என்றார். வேலை செய்யும்போது மட்டும் வருகிற ஒரு வகை நடுக்கம். பல குடும்பங்களில் பரம்பரையாக வரும். காபியும் பதற்றமும் கூட்டும். மாத்திரை குறைக்கும், போக்காது. இத்தனைக்கும் அரை மணி நேரம்தான் ஆயிற்று. நான் நாலு மாதம் திரிசூலத்திலும் பள்ளிக்கரணையிலும் ஒளிந்துகொண்டிருந்தேன். உங்களில் யாருக்காவது கை ஆடினால் முதலில் டாக்டரைப் பாருங்கள். பறவையை அப்புறம் பார்க்கலாம்.

நவராத்திரி வந்தது. கொலுவுக்குப் பக்கத்தில் போடும் பார்க்கை இந்த வருஷம் நான்தான் அமைக்க வேண்டும் என்று உத்தரவு. கேழ்வரகு முளைவிட்டுப் புல்தரை, முகம் பார்க்கும் கண்ணாடியில் குளம், ஓரத்தில் ரயில்வே ஸ்டேஷன். யோசித்துப் பார்த்தால், பிளாஸ்டிக் பெட்டிகள் கப்பலேறி வருவதற்கு வெகு நாள் முன்பே நம் வீடுகளில் மாடல் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம். எனக்கிருந்த ஒரே ஆட்சேபணை அளவு பற்றி. செட்டியார் பொம்மை லாரியைவிடப் பெரிது. லாரி கோபுரத்தைவிடப் பெரிது.

"ஸ்கேலே சரியில்லையே!" என்றேன்.

"எது முக்கியமோ அது பெரிசா இருக்கும். செட்டியார் இல்லாம லாரியில என்ன வரும்?" என்றாள்.

பத்து வயசில் ஆரம்பித்தவனுக்குப் பதில் தெரியவில்லை.

விஜயதசமி அன்று எதையாவது புதிதாகத் தொடங்க வேண்டுமே. நாட் பெட்டியைத் திறந்தேன். காலையில் காபி குடிக்கவில்லை, முழங்கைகளை மேஜையில் ஊன்றிக்கொண்டேன். இறக்கை, கொஞ்சம் போராட்டத்துக்குப் பிறகு, உட்கார்ந்தது. ஆனால் அதன் மேல் ஒட்ட வேண்டிய மூவர்ண வட்டம் என்னால் ஆகாது என்று தெரிந்தது. தண்ணீரில் அரை நிமிஷம் ஊறவைத்து, காகிதத்திலிருந்து நழுவவிட்டு, தூரிகை நுனியால் இடத்துக்குத் தள்ள வேண்டும். வெங்காயச் சருகை விட மெல்லிசு.

"இங்க கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டேன். இதைச் சொல்லத்தான் நாலு மாதம் பிடித்தது.

முப்பது வருஷமாகத் தினமும் வாசலில் புள்ளி வைத்து இழை இழுக்கிற கை. ஒரு துளி ஆடவில்லை. நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்... போதும்" என்று சொல்ல, அவள் தள்ளினாள். முடிந்ததும் நிமிர்ந்து, "சரியா இருக்கா?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். எங்கள் கூட்டத்தில் என்னைப் போன்றவர்களை 'ரிவெட் எண்ணுகிறவர்கள்' என்று கிண்டல் செய்வார்கள். ஆணி ஒன்று குறைந்தாலும் தூக்கம் வராது. வட்டம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. அசலில் ஏழு சென்டிமீட்டர்.

"ரொம்பச் சரியா இருக்கு" என்றேன். "தொடாதே, காயட்டும்."