எண்கள் முன்னே, செயல் பின்னே

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

கணிப்பான் இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. காய்கறிக் கடைக்காரரிடம் ஒன்று, அப்பாவின் மேசையில் ஒன்று, கைப்பேசிக்குள் ஒன்று. தட்டியதும் விடை வருகிறது. வந்த விடை சரியானதுதான் என்று நாமும் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை எப்பொழுதும் நல்லதா? தன்னைப் பயன்படுத்துபவரைச் சிந்திக்க வைக்கும் கணிப்பான் ஒன்று உண்டு. அதை நம் கணிப்பொறிக் கூடத்தில் ஒவ்வொரு மாணவியும் பழக வேண்டும் என்பதே என் கருத்து.

அதன் பெயர் 'டிசி'. பெயரைக் கேட்டதும், பள்ளியை விட்டு அனுப்பும்போது தரும் சான்றிதழோ என்று யாரும் அஞ்ச வேண்டா! 'மேசைக் கணிப்பான்' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. இதற்குப் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. டிசி நிறுவப்பட்டுள்ள லினக்ஸ் கணிப்பொறியில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில் அந்த இரண்டு எழுத்துகளைத் தட்டினால் போதும். ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல், நாம் என்ன சொல்லப் போகிறோம் என்று அது காத்திருக்கும். இதற்குக் காசும் கொடுக்க வேண்டியதில்லை.

இது வேலை செய்யும் முறையை அறிய விடுதி உணவறைக்குச் சென்றால் போதும். அங்கே கழுவிய எவர்சில்வர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். கடைசியாக வைத்த தட்டைத்தான் முதலில் எடுக்க முடியும். டிசியும் எண்களை அவ்வாறே அடுக்குகிறது. 8 என்று தட்டினால் அது அடுக்கில் அமர்கிறது. 4 என்று தட்டினால் அதன்மேல் அமர்கிறது. பிறகு கூட்டல் குறியைத் தட்டினால், மேலே உள்ள இரண்டு எண்களையும் எடுத்துக் கூட்டி, 12-ஐ அடுக்கின்மேல் வைக்கிறது. 'பி' என்ற எழுத்தைத் தட்டினால் மேலே இருப்பதைக் காட்டும். 'எஃப்' என்ற எழுத்தைத் தட்டினால் அடுக்கு முழுவதையும் காட்டும். சமக்குறிக்கு இங்கே வேலை இல்லை. அடைப்புக்குறிகளுக்கும் தேவை இல்லை.

இதனால் என்ன நன்மை? எட்டும் நான்கும் கூட்டிய தொகையை, ஒன்பதிலிருந்து மூன்றைக் கழித்த மீதியால் பெருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டை ஆறால் பெருக்க 72. இதையே அடைப்புக்குறி இல்லாமல் 8 + 4 × 9 − 3 என்று கடையில் கிடைக்கும் மலிவான கணிப்பானில் தட்டிப் பாருங்கள். அது வந்த வரிசையிலேயே கணக்கிட்டு 105 என்று சொல்லும். அறிவியல் கணிப்பானில் அதே குறிகளைத் தட்டுங்கள். அது பெருக்கலை முதலில் செய்து 41 என்று சொல்லும். ஒரே குறிகள், இரண்டு விடைகள்! நாம் தேடிய 72 இரண்டிலும் இல்லை. ஒவ்வொரு கணிப்பானும் நம் எண்ணத்தைத் தன் விருப்பப்படி ஊகித்துக்கொள்கிறது.

டிசி ஊகிப்பதில்லை. 8 4 + 9 3 − × என்ற வரிசையில் கொடுத்தால் 72 தவிர வேறு விடை வர வழியே இல்லை. (பெருக்கலுக்கு அங்கே நட்சத்திரக் குறி.) எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையது. அந்தப் பொறுப்புத்தானே கணக்கு என்பது?

"எண்களை முதலில் சொல்லிவிட்டுச் செயலைப் பின்னால் சொல்வது தலைகீழாக இருக்கிறதே!" என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் தமிழில் எப்படிப் பேசுகிறீர்கள்? "எட்டையும் நான்கையும் கூட்டு" என்கிறோம். "ஒன்பதிலிருந்து மூன்றைக் கழி" என்கிறோம். "எழுபத்திரண்டை எட்டால் வகு" என்கிறோம். எண்கள் முன்னே, செயல் பின்னே. டிசியில் தட்டும் வரிசையும் இதுவே. சமையலறையில் அம்மாவும் "புளியைக் கரை" என்றுதான் சொல்கிறார். "கரை புளியை" என்று சொல்வதில்லை. வினைச்சொல்லை இறுதியில் வைத்துப் பேசும் நமக்கு இது தலைகீழான முறை அன்று, தாய்மொழியின் முறை. கணக்கு வராது என்று அஞ்சும் தோழி ஒருத்தி, கணக்கை முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லி, சொன்னபடியே தட்டிப் பார்க்கட்டும். அச்சம் பாதி குறைந்துவிடும்.

இம்முறையின் வரலாறும் சுவையானது. போலந்து நாட்டுத் தருக்க அறிஞர் யான் வுகாஷியேவிச் 1924-ஆம் ஆண்டில் அடைப்புக்குறிகளே வேண்டாத ஒரு குறியீட்டைக் கண்டார். அதில் செயற்குறி முதலில் வரும். அதைத் திருப்பி, செயற்குறியை இறுதியில் வைத்த முறைக்குத் 'தலைகீழ்ப் போலந்துக் குறியீடு' என்று பெயர். 1972-இல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் வெளியிட்ட எச்.பி. 35 என்னும் கையடக்க அறிவியல் கணிப்பான் இம்முறையில்தான் இயங்கியது. அதில் சமக்குறிப் பொத்தானே கிடையாது.

டிசியை எழுதியவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த இருவர்: ராபர்ட் மாரிஸ், லொரிண்டா செர்ரி. செர்ரி ஒரு பெண்மணி என்பதைப் பெண்கள் பள்ளியாகிய நாம் பெருமையுடன் குறித்துக்கொள்ளலாம். கணிதச் சமன்பாடுகளை அழகாக அச்சிடுவதற்கான நிரலையும் பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து அவர் உருவாக்கினார். 2022-இல் அவர் மறைந்தார். யுனிக்ஸ் முறைமையின் தொடக்க ஆண்டுகளில் பிறந்த டிசியோ, அரை நூற்றாண்டு கடந்து இன்றும் உழைக்கிறது. இரண்டை நூறு முறை பெருக்கச் சொன்னால், 31 இலக்கங்களையும் ஒன்றுவிடாமல் எழுதிக் காட்டுகிறது!

இதற்குக் குறைகள் இல்லையா? உண்டு. எத்தனை தசம இடங்கள் வேண்டும் என்று நாம் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், 22-ஐ 7-ஆல் வகுத்து வெறும் 3 என்று சொல்லிவிடும். '4 கே' என்று சொன்ன பிறகே 3.1428 என்று காட்டும். அப்போதும் கடைசி இலக்கத்தை முழுமையாக்காது, வெட்டிவிடும். குறை எண்ணைக் கழித்தல் குறியுடன் எழுதினால் ஏற்காது. அடிக்கோடு போட வேண்டும். மளிகைக் கணக்குப் போடும் அவசரத்தில் இதைத் தேடி ஓடுவார் யாருமில்லை. மேலும், நம் பொதுத்தேர்வு அறைக்குள் எந்தக் கணிப்பானுக்கும் இடமில்லை.

"பின் ஏன் பழக வேண்டும்?" என்று கேட்பீர்கள். தேர்வு அறைக்குள் கணிப்பானைக் கொண்டுபோக முடியாது என்பதனால்தான்! அங்கே நம்முடன் வருவது, கணக்கின் படிகளை வரிசைப்படுத்தும் பழக்கம் ஒன்றே. பொத்தானைத் தட்டி விடை பெறும் கணிப்பான் அந்தப் பழக்கத்தைத் தேய்க்கிறது. டிசி அதைத் தீட்டுகிறது.

நாம் படிக்கும் கூம்பின் இடைக்கண்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஆரங்கள் 10, 4, உயரம் 21. முதலில் ஆரங்களின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். அதனுடன் அவற்றின் பெருக்குத்தொகையைச் சேர்த்தால் 156. பிறகு 22-ஆலும் 21-ஆலும் பெருக்கி, 7-ஆலும் 3-ஆலும் வகுத்தால் கன அளவு 3432. இந்த ஒரு கணக்கை அடுக்கு முறையில் தட்டிப் பார்த்தவள், சூத்திரத்தை வெறும் மனப்பாடமாக வைத்திருக்க மாட்டாள். எந்தப் படி எதற்குப் பின் வருகிறது என்பது அவள் விரல்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆகவே, கணிப்பொறி வகுப்பில் படம் வரையவும் எழுத்துக்கு நிறம் தீட்டவும் செலவாகும் நேரத்தில், ஆண்டுக்கு இரண்டு பாடவேளைகளையாவது இதற்கு ஒதுக்குமாறு நம் ஆசிரியைகளைப் பணிவுடன் வேண்டுகிறேன். புதிய கருவி வாங்க வேண்டா. இருக்கும் கணிப்பொறியே போதும். தோழியரே, விடை தரும் கருவிகள் நாளுக்கு நாள் பெருகும். அவற்றிடம் கணக்கிடும் உழைப்பை ஒப்படைப்போம். எண்ணும் பொறுப்பை மட்டும் நம்மிடமே வைத்துக்கொள்வோம்.