மலிவாக வாங்கினால் மட்டும் போதுமா? ஜொகூரில் மறுவிற்பனை செய்யும் நம்மவர்களின் கணக்கு

ஜொகூர், சிகாமட் மாவட்டத்தில் ஜெமந்தா என்று ஒரு சிறிய ஊர். 2003ஆம் ஆண்டு அங்கே ஒரே ஒரு கடையாகத் தொடங்கியது எக்கோ ஷாப். 2025 மே மாதம் அது புர்சா மலேசியா பங்குச் சந்தைக்கு வந்தபோது நாடு முழுவதும் அதற்கு 350க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. தீபகற்பத்தில் எந்தப் பொருளை எடுத்தாலும் 2 வெள்ளி 60 காசு. வாளி, கரண்டி, துடைப்பம், பிளாஸ்டிக் டப்பா எல்லாம் ஒரே விலை.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கழிவு விலையில் வீட்டுப் பொருள்களை வாங்கி, பத்து இருபது காசு ஏற்றி பசார் மாலாமிலும் வாட்ஸ்அப் குழுவிலும் விற்றுப் பிழைக்கும் நம்மவர்களுக்கு இன்று போட்டி யார் என்று தெரிய வேண்டும். ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் தோட்டப்புறக் குடும்பமும் சரி, மாசாய், ஸ்கூடாய் அடுக்குமாடி வாசியும் சரி, எக்கோ ஷாப் எந்த விலைக்குச் சரக்கு எடுக்கிறதோ அந்த விலைக்கு எடுக்க முடியாது. கொள்கலன் கணக்கில் வாங்குபவனுக்கு ஒரு விலை, பெட்டிக் கணக்கில் வாங்குபவனுக்கு இன்னொரு விலை.

சரி, ஷாப்பி, லசாடா 11.11 மலிவு விற்பனையில் வாங்கி வைத்து விற்கலாம் என்றால், அந்த விலையை வாங்குபவரும் தன் கைப்பேசியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். வெளிநாட்டிலிருந்து நேராக வரும் 500 வெள்ளிக்குட்பட்ட இணையச் சரக்குக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி வேறு.

அப்படியானால் இந்தத் தொழிலில் இடமே இல்லையா? இருக்கிறது. ஆனால் புதுப் பொருளில் இல்லை, பழைய, கனமான பொருளில் இருக்கிறது. அலுவலக நாற்காலி, இரும்பு அலமாரி, மேசை, வெள்ளைப் பலகை. இவற்றைக் கூரியரில் அனுப்ப முடியாது. அனுப்பினாலும் கூலி பொருளின் விலையைத் தாண்டிவிடும். பாசிர் கூடாங்கிலும் செனாயிலும் தொழிற்சாலைகள், ஜொகூர் பாருவில் அலுவலகங்கள். ஒன்று மூடும், ஒன்று இடம் மாறும், ஒன்று புதிதாகத் திறக்கும். மூடுகிறவன் தள்ளிவிடப் பார்க்கிறான், திறக்கிறவன் மலிவாகத் தேடுகிறான். நடுவில் நிற்கத் தேவை ஒரு லோரியும் நாலு கைகளும். அரசாங்கத் துறைகளும் பழைய தளவாடங்களை டெண்டர், விலைக் கேட்பு, லெலோங் வழியாக விற்கின்றன. அறிவிப்பைப் படித்து, முன்பணம் கட்டி, குறித்த நாளுக்குள் சரக்கை ஏற்றிவிட வேண்டும். அவ்வளவுதான். நம்மவர்களில் எத்தனை பேர் அந்த அறிவிப்புகளைத் தேடிப் பார்க்கிறோம்?

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இறங்கக்கூடாது. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மூடும் அலுவலகத்தில் 20 சுழல் நாற்காலி, ஒன்று 25 வெள்ளி. மொத்தம் 500. கடைக்கு 80 வெள்ளிக்குத் தள்ளலாம், ஒன்றுக்கு 55 வெள்ளி லாபம், 1,100 வெள்ளி கையில் என்று மனம் ஓடும். லோரி வாடகை 200. ஆறு நாற்காலியில் உட்கார்ந்தால் கீழே இறங்குகிறது, கேஸ் கம்பி மாற்ற 150. சக்கரம், துணி கழுவும் செலவு 50. ஆக 900 வெள்ளி. மூன்று நாற்காலி உடைந்தே போயிற்று. மிச்சம் 17. இப்போது ஒரு நாற்காலியின் அடக்க விலை 25 அல்ல, ஏறக்குறைய 53 வெள்ளி! முதல் மாதம் 12 விற்றால் 960 வெள்ளி, லாபம் வெறும் 60. மற்ற ஐந்தை அடுத்த மாதம் 50க்குத் தள்ளினால் இன்னும் 250. இரண்டு மாதத்திற்கு 310 வெள்ளி, அதுவும் சொந்த உழைப்புக்குக் கூலி போடாமல். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமோ மாதம் 1,700.

இதே சரக்கை 12 வெள்ளிக்குப் பேசி எடுத்திருந்தால் லாபம் 570. ஏற்கெனவே பத்து நாற்காலி கேட்டு வைத்திருக்கும் ஒரு டியூஷன் மையமோ கோயில் நிர்வாகமோ இருந்தால் இரண்டாவது மாதமே தேவைப்படாது. லாபம் வாங்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. விற்கும் இடத்தில் அதைக் காப்பாற்றத்தான் முடியும்.

ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் எந்த நேரத்திலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு வந்தது. அதிலிருந்து எடுத்துச் சரக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். வரவேற்பறை முழுக்கப் பெட்டி அடுக்கி, பிள்ளைகள் படிக்க இடமில்லாத வீடுகளையும் பார்த்திருக்கிறேன். ஓய்வுகாலப் பணத்தை விற்காத சரக்காக மாற்றி வைப்பதைவிட, தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனுக்கோ, இந்தியப் பெண்களுக்கென அமானா இக்தியார் நடத்தும் பென் திட்டத்திற்கோ விண்ணப்பித்துப் பார்க்கலாம். கடனும் திருப்பிக் கட்ட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே யாராவது கணக்கைக் கேட்பார்கள்.

சட்டப் பக்கம் பலர் கோட்டை விடுகிறார்கள். வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் 60. பழைய பொருள் வாங்கி விற்க 1946ஆம் ஆண்டின் பழம்பொருள் வணிகர் சட்டப்படி போலீஸ் வழியாக உரிமம் தேவை, யாரிடம் என்ன வாங்கினோம் என்று பதிவேடும் வேண்டும். வீண் தொல்லை என்று நினைக்க வேண்டாம். ‘கம்பெனி மூடியாச்சு அண்ணே, சும்மா எடுத்துக்குங்க’ என்று இரவில் வரும் மடிக்கணினி திருட்டுப் பொருளாக இருந்தால், தண்டனைச் சட்டம் 411ஆவது பிரிவு வாங்கியவரையும் தேடி வரும். ரசீதும் பதிவேடும்தான் அப்போது துணை.

இணையத்தில் விற்பவர் பெயர், பதிவு எண், விலை மூன்றையும் காட்ட வேண்டும். ‘விலைக்கு பி.எம். பண்ணுங்க’ என்பது விதிக்கு ஒத்து வராது. சிங்கப்பூரிலிருந்து விற்பதற்காகப் பொருள் கொண்டு வந்தால் அது பயணியின் சொந்த உபயோகச் சாமான் ஆகாது, சுங்கத்தில் அறிவித்தாக வேண்டும். அங்கே வாங்கிய மின்சாரக் கெட்டிலிலும் விசிறியிலும் நம் நாட்டு சிரிம் முத்திரை பெரும்பாலும் இருக்காது. முத்திரை இல்லாததை இங்கே விற்பது குற்றம், அது தீப்பிடித்தால் விற்றவர் பெயர்தான் முதலில் வரும்.

அடுத்த முறை ‘எல்லாம் லெலோங்’ என்று யாராவது அழைத்தால், போகும் முன் லோரிக்காரரைக் கூப்பிட்டு வாடகை கேளுங்கள். பிறகு ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கும் வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு நாற்காலிகூட ஏற்ற வேண்டாம்.