வரைபடத்தில் நம் தோட்டங்களை யார் எழுதுவது?

கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து கோல சிலாங்கூர் என்று தட்டிப் பாருங்கள். புக்கிட் மெலாவாத்தியின் பழைய பீரங்கிகள், கலங்கரை விளக்கம், குரங்குகள், கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகு ஏறும் துறை, கடல் உணவுக் கடைகள் என்று திரை நிறைந்துவிடும். எந்தக் கடையில் நண்டு நன்றாக இருக்கும் என்பதுவரை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது வரைபடத்தை உள்நாட்டுப் பக்கம் நகர்த்துங்கள். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, அப்படியே புக்கிட் தாகார் வரை. சாலையோரத் தாமான்களைத் தாண்டியதும் திரை முழுக்கப் பச்சை. நடுவில் எங்கோ ஒரு தோட்டத்தின் பெயர், ஒரு பள்ளி, ஒரு கோயில். அவ்வளவுதான்.

அந்தப் பச்சைக்குள்தான் என் பாட்டி பிறந்தார், பால் மரம் சீவினார், நான்கு பிள்ளைகளை வளர்த்தார். உங்களில் பலருடைய பாட்டியும் அப்படித்தான் இருந்திருப்பார்.

மலேசியாவின் முதல் வணிகமுறைச் செம்பனை நடவு இந்த வட்டாரத்தில்தான் நடந்தது என்பதை நம் வயதில் எத்தனை பேர் அறிவார்கள்? 1917-இல் ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தொடங்கினார். 1930-இல், மலாயா வாழ்க்கையைப் பற்றிய தம் நாவலுக்காகப் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார். அவரைப் பற்றிப் படிக்க நூலகத்தில் புத்தகம் உண்டு. ஆனால் அவர் செம்பனை நட்ட தோட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: தென்னமரம். ஆங்கில நூல்கள் அதைத் 'தென்னமரன்' என்றெல்லாம் எழுதி அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டன. உரக்கப் படித்தால்தான் அது நம் வீட்டுச் சொல் என்று காதுக்குப் புரிகிறது. முதலாளியின் கதை நாவலாகி பரிசு வாங்கியது. பெயரைச் சொல்லி அழைத்தவர்களின் கதை எழுத்தில் ஏறவில்லை.

இந்த வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளைப் படித்தாலே தோட்டங்களின் பட்டியல் ஓரளவு கிடைத்துவிடும். துவான் மீ, புக்கிட் ஈஜோக், ராஜா மூசா, ஹோப்ஃபுல், மேரி, நைஜல் கார்டனர், கோல்ஃபீல்ட்ஸ். (மேரி என்ற அந்தப் பெண்மணி தம் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி நடப்பதைக் கண்டால் என்ன நினைப்பாரோ!) ஆனால் இவை வேலிக்கு வெளியே தெரிந்த பெயர்கள். வேலிக்கு உள்ளே இன்னொரு பெயர் வரிசை இருந்தது. நிர்வாகம் ஒவ்வொரு காட்டையும் எண்ணாலோ நடவு ஆண்டாலோ குறித்தது. அதே காட்டைத் தொழிலாளர்கள் வேறு விதமாக அழைத்தார்கள்.

இதை நான் பாட்டியிடம்தான் தெரிந்துகொண்டேன். பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் தோட்டத்தை வரைந்து காட்டச் சொன்னேன். "எனக்கு எங்கப்பா படம் வரையத் தெரியும்" என்றவர், பேனாவைக் கையில் வாங்கியதும் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. பெரட்டுக் களம், பால் ஸ்டோர், ஆயாக்கொட்டாய், கிராணி வீடு, கள்ளுக்கடை, மேட்டு லயன், பள்ளத்து லயன். சாமி புறப்பாட்டில் தேர் திரும்பும் முச்சந்தி. குழந்தைகளைப் புதைத்த ஓரம். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் பாலம். அது எதுவரை ஏறும் என்பதைத் தம் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அந்தத் தாளில் முப்பத்தொரு இடங்கள் இருந்தன. அவற்றில் இணைய வரைபடத்தில் நான் கண்டது கோயில் ஒன்றை மட்டுமே. அதுவும் பெயர் இல்லாமல்.

பழைய கதைதானே, செம்பனை நட்டு எல்லாம் மாறிவிட்டதே, இதை எழுதி என்ன ஆகப்போகிறது என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் பழைய கதையில் இல்லை.

இன்னமும் தோட்டக் குடியிருப்பில் வாழும் எங்கள் உறவினர் ஒருவர் சென்ற ஆண்டு இரவு நேரத்தில் மயங்கி விழுந்தார். அழைத்த ஆம்புலன்ஸ் வரைபடம் காட்டிய புள்ளிக்குச் சரியாகவே வந்து நின்றது. அந்தப் புள்ளி தோட்ட அலுவலகம். வீடுகள் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, இரண்டு கிளைப்பாதைகளைத் தாண்டி. ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் போய் வழிகாட்டி அழைத்து வந்தான். ஓட்டுநர் மேல் தவறே இல்லை. அவரிடம் இருந்த வரைபடம் அவ்வளவுதான் அறிந்திருந்தது. பார்சல் கொண்டு வருபவரும் அதே புள்ளியில்தான் நிற்கிறார்.

புக்கிட் தாகாரைச் சுற்றியுள்ள மேரி, மின்யாக், நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அந்தக் குரலில் இருந்தது ஒரே செய்தி: நாங்கள் இங்கே வாழ்ந்தோம். வரைபடத்தில் வெறும் பச்சையாகத் தெரியும் நிலத்தில் ஒரு கோயிலோ இடுகாடோ இருந்தது என்று பின்னாளில் நிரூபிப்பது எளிதல்ல. புதிய வீட்டுக்குக் குடிபெயர்வது நல்ல விஷயம், அது கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் லயன்கள் காலியான மறுநாளிலிருந்து அவற்றின் பெயர்களைச் சொல்ல ஆள் குறையத் தொடங்கும்.

நம்மிடம் இணையச் சமூகம் இல்லாமல் இல்லை. ஏறக்குறைய ஒவ்வொரு தோட்டத்துக்கும் 'முன்னாள் தோட்ட மக்கள்' என்று ஒரு புலனக் குழு இருக்கிறது. என் அம்மா மட்டும் மூன்றில் இருக்கிறார். காலை வணக்கப் படங்களுக்கும் இரங்கல் செய்திகளுக்கும் இடையில் திடீரென்று ஒரு தங்கமான தகவல் வரும்: 1970களில் எடுத்த பள்ளிப் படம், அதில் நிற்பவர்களின் பெயர்கள், பின்னால் தெரியும் கட்டடம் எது என்ற வாக்குவாதம். மறுநாள் அது மேலே போய்விடும். கைப்பேசி மாற்றினால் காணாமலே போகும். பகிரும் ஆர்வம் நம்மவர்களிடம் நிறையவே உண்டு. பகிர்ந்தது தங்கும் இடம்தான் இல்லை.

தங்கும் இடத்தை மற்றவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். கைப்பேசி வழிகாட்டிச் செயலிகள் நம் கைக்கு வருவதற்கு முன்பே, மலேசிய, சிங்கப்பூர் வாகனமோட்டிகள் தாங்கள் ஓட்டிய பாதைகளின் ஜிபிஎஸ் தடங்களைத் தொகுத்து 'மால்சிங்மேப்ஸ்' என்ற பெயரில் கார்மின் கருவிகளுக்கான வரைபடத்தை இலவசமாக உருவாக்கினார்கள். 2021-இல் வெள்ளைக்கொடி இயக்கத்தின்போது 'கித்தா ஜாகா' இணையத்தளத்தில் உதவி தேவைப்படுவோரும் உதவுவோரும் வரைபடத்திலேயே ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். யாரும் அரசாங்க ஆணைக்குக் காத்திருக்கவில்லை.

நம் நிலைமைக்கு மிக நெருக்கமானது கென்யாவின் நைரோபியில் உள்ள கிபேரா. மக்கள் நெருக்கியடித்து வாழும் பெரிய குடிசைப் பகுதி அது. ஆனாலும் 2009 வரை இணைய வரைபடங்களில் ஏறக்குறைய வெற்றிடமாகவே கிடந்தது. அவ்வாண்டு நவம்பரில் அங்கேயே வாழும் இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவியுடன் நடந்து நடந்து குடிநீர்க் குழாய், கழிப்பறை, மருந்தகம், பள்ளி என ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். வரைபடம் இணையத்தில் ஏறியதும் அவர்கள் வேலையை முடித்துக்கொள்ளவில்லை. இணையம் பார்க்காத மக்களுக்காக அதை அச்சிட்டும் சுவர்களில் தீட்டியும் வைத்தார்கள். அந்தக் கடைசிப் பகுதியை நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பாட்டி திருத்தம் சொல்ல வேண்டுமானால் வரைபடம் அவர் கையில் தாளாக இருக்க வேண்டும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எனக்குப் பிடித்தது, ஓர் இடத்துக்கு ஒரே பெயர்தான் என்று அது அடம்பிடிப்பதில்லை. தமிழ்ப் பெயருக்குத் தனிக் கட்டம், பழைய பெயருக்குத் தனிக் கட்டம், உள்ளூர் வழக்குக்கும் மாற்றுப் பெயருக்கும் தனித்தனிக் கட்டம். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. என் பாட்டி இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார். இரண்டுக்கும் அங்கே இடம் உண்டு. ஒரே லயனை ஒருவர் 'கோயில் லயன்' என்றும் இன்னொருவர் 'முப்பது வீடு' என்றும் சொன்னால் யார் சரி என்று சண்டை போடத் தேவையில்லை, இரண்டையும் எழுதலாம்.

கட்டுப்பாடுகளும் உண்டு. இப்போது தரையில் இருப்பதைத்தான் அதில் குறிக்கலாம். இடிக்கப்பட்ட லயனுக்கும் மூடிய பால் ஸ்டோருக்கும் 'ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப்' என்ற துணைத் திட்டம் இருக்கிறது. கூகுள் வரைபடத்திலிருந்து பெயரைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது, அது காப்புரிமைச் சிக்கல். 2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் நம் ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதலாம், ஆனால் அது அச்சான ஆதாரம் கேட்கும். "பாட்டி சொன்னார்" என்பது அங்கே செல்லாது.

இங்கேதான் நம் வீட்டு அலமாரிகள் முக்கியமாகின்றன. கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், தொழிற்சங்கக் கிளையின் சிறு வெளியீடு. விலைக்குப் போகாத இந்தத் தாள்களில்தான் தலைமையாசிரியர்களின் பெயர்களும் கோயில் கட்டிய ஆண்டும் அச்சாகியிருக்கின்றன. இலங்கைத் தமிழர்கள் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் இத்தகைய மலர்களையும் மின்வருடி இணையத்தில் வைத்திருக்கிறது. சிலாங்கூர் தோட்டங்களின் மலர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். வீடு மாறும்போது முதலில் பழைய பேப்பர்காரருக்குப் போவது அவைதான்.

இந்த வேலைக்கு நம் வயதினரே பொருத்தமானவர்கள் என்று நான் நினைப்பதற்குக் காரணம் தொழில்நுட்ப அறிவு மட்டுமல்ல. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள் நாம். பாட்டியின் பேச்சைக் கேட்டு, ஊராட்சி அலுவலகத்துக்குப் புரியும் மலாயில் எழுதி, மென்பொருளின் ஆங்கிலத்தையும் படிக்கக்கூடிய தலைமுறை இது. நமக்கு அடுத்து வரும் பிள்ளைகளுக்கு ஆயாக்கொட்டாய் என்றால் என்னவென்றே தெரியாது. என் தம்பி அது ஏதோ உணவுக்கடை என்று நினைத்தான்.

சில எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். தோட்டம் தனியார் நிலம். அனுமதி கேட்காமல் உள்ளே நடக்கக் கூடாது. எந்த வீட்டில் யார் இருக்கிறார், யாரிடம் ஆவணம் இல்லை என்பதையெல்லாம் பொதுவில் எழுதக் கூடாது. தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் போலவும் காட்ட வேண்டாம். பாட்டி வரைந்த தாளில் மருந்துத் தண்ணீர் கலக்கும் கொட்டகையும் இருந்தது, அதன் பக்கத்திலேயே கிணறும் இருந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது. அந்தக் கிணறும் வரைபடத்தில் வர வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று யோசித்தபோது எனக்குத் தோன்றியது தோட்டத்துக் கோயில் திருவிழா. கிள்ளான், ரவாங், ஷா ஆலம் என்று சிதறிப் போனவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை தோட்டத்துக்குத் திரும்பி வருவது அன்றுதான். எழுபது வயதைத் தாண்டியவர்கள் பத்துப் பேர் ஒரே கொட்டகையில் உட்கார்ந்திருப்பார்கள். அன்னதானம் முடிந்து பேச்சு தொடங்கும் அந்த இரண்டு மணி நேரம் வேறு எந்த நாளும் கிடைக்காது. என்னோடு படிக்கும் நால்வரும் நானும், கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு, பாட்டியின் தாளைப் பெரிய அளவில் அச்சிட்டு, இந்த ஆண்டுத் திருவிழாவில் ஒரு மேசை போடப் போகிறோம். மேசைமேல் பேனாக்கள் இருக்கும், பக்கத்தில் குரல் பதிவுக்கு ஒரு கைப்பேசி. பாட்டி எழுதியதில் தவறு இருப்பதாகச் சொல்ல அவருடைய தோழிகள் இருவர் இப்போதே தயாராக இருக்கிறார்கள்.