'செட் ஆகும்' என்று சொல்பவர் அதை பில்லில் எழுதட்டும்

கண்டிப் பக்கம் வேன் ஓட்டிப் பிழைக்கிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வசனம் நல்லாத் தெரியும்: "பயப்படாதீங்க, இது செட் ஆகும்." பழைய எஞ்சின் கைவிட்ட பிறகு, ஜப்பானில் கழித்த வாகனத்திலிருந்து வந்த ரீகண்டிஷன் எஞ்சினைத் தேடிப் போகும்போது கடையில் இதைச் சொல்வார்கள். பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் இதுதான், கண்டிக்குள்ளேயே வாங்கினாலும் இதுதான். வாய்வார்த்தைதான், எங்கேயும் எழுதித் தருவதில்லை. இதைத்தான் மாற்றவேண்டும் என்கிறோம்.

இது சின்ன விசயம் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருசம், இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட வைப்பதுதான் ஒரே வழி. இப்போது இறக்குமதி நடந்தாலும், வரியோடு வருகிற விலையை கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ பிள்ளைகளை ஏற்றிவரும் ஒரு ஸ்கூல் வேன்காரரால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஆகவே எஞ்சின் மாற்றுவது அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை, வயிற்றுப்பாடு.

'செட் ஆகும்' என்ற சொல்லுக்குள் குறைந்தது மூன்று கேள்விகள் இருக்கின்றன.

முதலாவது, இரும்புக்கு இரும்பு பொருந்துமா? எஞ்சின் பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். சுசுகியின் கே6ஏ எஞ்சினைப் பாருங்கள். 658 சிசி, வேகன் ஆரிலும் வந்தது, எவ்ரி வேனிலும் வந்தது. ஆனால் வேகன் ஆரில் அது குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரத்தை இழுக்கிறது. எவ்ரியில் நெடுக்காக உட்கார்ந்து பின் சக்கரத்தைத் தள்ளுகிறது. அதனால் மவுண்ட் வரும் இடமும் கியர்பொக்ஸ் சேரும் விதமும் வேறு. பெயரைக் கேட்டு வாங்கினால் கராஜில்தான் வித்தியாசம் தெரியவரும்.

ஒத்துப்போகும் எஞ்சின்களும் உண்டு. டொயோட்டா ஹைஏஸில் வந்த 2எல், 3எல், 5எல் மூன்றும் ஒரே குடும்பத்து டீசல் எஞ்சின்கள். 2எல் வேனுக்கு 3எல் போடுவது நம்ம பக்கம் பழக்கமான வேலைதான். ஆனால் 2446 சிசி இருந்த இடத்தில் 2779 சிசி வந்தால் சூடும் கூடும். பழைய ரேடியேட்டர் அதைத் தாங்குமா என்பது கடை வாசலில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டும்போது தெரியாது. ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் போகும்போதுதான் தெரியும்.

இரண்டாவது கேள்வி, எஞ்சினின் மூளை பொருந்துமா? விட்ஸிலும் அக்ஸியோவிலும் வரும் 1என்இசட்-எஃப்இ எஞ்சினுக்கும், அக்வாவில் வரும் 1என்இசட்-எஃப்எக்ஸ்இ எஞ்சினுக்கும் பெயரில் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். இரண்டும் 1500 சிசி வகை. ஆனால் பின்னது ஹைபிரிட் காருக்கென்று செய்தது. வால்வு திறந்து மூடும் நேரம் வேறு, அழுத்த விகிதம் வேறு, மோட்டார் துணை இல்லாமல் தனியே இழுக்கும் பலமும் குறைவு. வழக்கமான ஸ்டார்ட்டர் மோட்டாரும் அதற்கு இல்லை, ஹைபிரிட் மோட்டாரே அதைச் சுழற்றி எழுப்புகிறது. கொஞ்சம் புதிய வாகனங்களில் சென்சர், வயரிங், கட்டுப்பாட்டுப் பெட்டி, சாவியோடு பேசும் இம்மொபிலைசர் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை. எஞ்சினை மட்டும் தூக்கிவந்து வைத்தால், எல்லா போல்ட்டும் சரியாக ஏறிய பிறகும் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கலாம்.

மூன்றாவது, கடதாசி பொருந்துமா? வாகனப் புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவையும் மாற்றவேண்டும். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்ட ஆவணம் இல்லாவிட்டால் அங்கேயே சிக்கல் தொடங்கும். வண்டியை விற்கும்போதும் நம்பரைப் பார்ப்பார்கள், வீதியில் மறித்துப் பார்த்தாலும் பதில் சொல்லவேண்டியது உரிமையாளர்தான். வருசாவருசம் புகைப் பரிசோதனை வேறு இருக்கிறது. புகை தள்ளும் எஞ்சினைப் பூட்டினால் லைசன்ஸ் எடுக்கவும் அலையவேண்டும்.

"இதெல்லாம் பாஸுக்குத் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார்" என்பார்கள். உண்மைதான், நல்ல பாஸ்மாரின் கைப்பழக்கத்தை எந்தப் புத்தகமும் தராது. ஒயில் சம்ப் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் பெரும்பாலும் அவர்களிடம் போவது காசு கைமாறின பிறகு. எஞ்சின் பொருந்தவில்லை என்றால் கடைக்காரர் "ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்தானே தந்தேன்" என்கிறார். பாஸ் "நான் வாங்கச் சொல்லலையே" என்கிறார். இறக்கி ஏற்றிய கூலி இரண்டு தரம் போகிறது. வேன் நிற்கிற நாளெல்லாம் வருமானம் இல்லை, லீசிங் தவணை மட்டும் நிற்பதில்லை. மூன்று பேர் சேர்ந்து எடுத்த முடிவில் நட்டம் ஒருவருக்கு மட்டும் வருவது நியாயமா?

ஆகவே எங்கள் கோரிக்கை சின்னது. பில்லில் நான்கு வரி வேண்டும். எஞ்சினின் முழுக் குறியீடும் நம்பரும். எந்த மொடல் வாகனத்துக்குப் பொருந்தும் என்று விற்கப்படுகிறது என்பது. அதோடு சேர்ந்து வரும் சாமான்கள்: வயரிங், கட்டுப்பாட்டுப் பெட்டி, ஸ்டார்ட்டர், ஓல்டர்னேட்டர். பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பது. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்கவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. நாங்கள் கேட்பது அந்தத் துண்டில் இன்னும் கொஞ்சம் மை. அதை எழுத மறுக்கிற கடைக்கு, தான் சொன்ன 'செட் ஆகும்' மேல் தனக்கே நம்பிக்கை இல்லை என்றுதான் அர்த்தம்.

விலை கூடிவிடும் என்று சிலர் சொல்லலாம். கொஞ்சம் கூடட்டும். இரண்டாம் தரம் இறக்கி ஏற்றும் கூலியை விட அது குறைவாகத்தான் இருக்கும்.

எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. எங்கள் அப்பாமார், மாமாமார் பலர் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் எழுதிய பில்லை வாசிக்கச் சொன்னால் தயங்குவார்கள். எஞ்சின் வாங்கப் போகும் அன்று 'எனக்கு மெக்கானிக் வேலை தெரியாதே' என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம். கூடப் போவோம். பழைய எஞ்சினின் நம்பரை முதல் நாளே போனில் படம் எடுத்து வைப்போம். முடிந்தால் பாஸையும் கூட்டிப்போய், காசு கொடுக்க முன்னமே கம்ப்ரஷன் பார்க்கச் சொல்வோம். பில்லை வாசித்து, நான்கு வரியும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசை எடுக்கச் சொல்வோம். அதற்கு ஸ்பானர் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை.